பௌத்திரம்: நூலா, லேசரா, அறுவையா?

கேள்வி: டாக்டர் சயா, வணக்கம். பெகுவில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வயது 44. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆசனவாய்ப் பக்கத்தில் ஒரு கட்டி வந்தது. வலி தாங்காமல் போனபோது கீறிச் சீழ் எடுத்தார்கள். ஆறினது போல இருந்து, அப்புறம் அதே இடம் சின்னத் துளையாகிக் கசிய ஆரம்பித்தது. கைலிக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டுதான் கடை நடத்துகிறேன். போன வருஷம் ஒரு இடத்தில் பௌத்திரம் என்று சொல்லி அறுத்தார்கள். நாலே மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. இப்போது யாங்கூனில் பார்த்த டாக்டர், முதலில் நூல் போட வேண்டும், மூன்று மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன் என்கிறார். சென்னையில் இருக்கும் மச்சான், லேசரில் ஒரே நாளில் முடிந்துவிடும், கிளம்பி வா என்கிறார். கடைக்கு வரும் பெரியவர் ஒருவர் காரநூல்தான் நிரந்தரம் என்கிறார். பாங்காக் போகச் சொல்கிறவர்களும் உண்டு. எனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. இன்னொரு தடவை கத்தி வைத்தால் மலத்தை அடக்க முடியாமல் போய்விடுமோ என்று ராத்திரி தூக்கமில்லை. வீட்டில்கூட முழுசாகச் சொல்லவில்லை. எதைச் செய்துகொள்ளட்டும்? எம்.ஆர்.ஐ. அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

பதில்: தம்பி, யாங்கூன் டாக்டர் சொன்ன வழியில் போங்கள். முதலில் நூல், சீழெல்லாம் வடிந்து அடங்கிய பிறகு, தசையை வெட்டாத ஓர் அறுவை. லேசர் உங்களுக்கு முதல் தேர்வு அல்ல. காரநூலையும் உங்கள் பௌத்திரத்துக்கு நான் சொல்ல மாட்டேன். அறிக்கையை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் விரல் வைத்துப் பரிசோதித்தவர் அவர், நான் அல்ல. எங்காவது நான் சொல்வதும் அவர் சொல்வதும் மாறுபட்டால் அவரிடம் காரணம் கேளுங்கள்.

நாலு பேர் நாலு விதமாகச் சொல்வதில் ஆச்சரியமில்லை. ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த ஒருவருக்குக் குணமான சிகிச்சையைச் சொல்கிறார்கள். அந்த ஒருவருடைய பௌத்திரம் எந்த வகை என்று அவர்களுக்குத் தெரியாது. வகை தெரியாமல் சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பிரயோஜனமில்லை. அதனால் உங்கள் உடம்பில் என்ன நடந்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஆசனவாய்க்குள் கொஞ்சம் மேலே, சுற்றிலும் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அதில் ஒன்று அடைத்துக்கொண்டு சீழ் பிடிக்கும். அந்தச் சீழ் வெளியே வர வழி தேடித் தசைக்கு நடுவே புகுந்து, தோலுக்கடியில் வந்து கட்டியாக நிற்கும். கட்டியைக் கீறினால் சீழ் போய்விடும், வலியும் போய்விடும். ஆனால் உள்ளே தொடங்கிய வாய் மூடாவிட்டால், உள்வாயிலிருந்து வெளித்துளை வரை ஒரு பாதை நிலைத்துவிடும். கட்டி வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்காவது, சில கணக்குகளில் பாதிப் பேருக்கு, இப்படி ஆகிறது. எலிவளையின் ஒரு வாயை மட்டும் மண் போட்டு மூடினால் என்ன ஆகுமோ அதுதான் வெளித்துளையை மட்டும் கவனித்தாலும் ஆகும். மாத்திரை சாப்பிட்டால் கொஞ்ச நாள் கசிவு குறையும். ஆன்டிபயாட்டிக்கால் பௌத்திரம் குணமாவதில்லை. மாதக்கணக்கில் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்து வருத்தப்படுகிறேன்.

அடுத்தது தசை. உங்கள் பயம் இதைப் பற்றியது, சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதும் இதை வைத்துத்தான். ஆசனவாயைச் சுற்றி இரண்டு சுருக்குத் தசைகள் உண்டு. உள்தசை நம் வசத்தில் இல்லை. எப்போதும் சுருங்கியே இருந்து, நாம் தூங்கும்போதுகூடக் கசியாமல் காக்கிறது. வெளித்தசை நம் வசத்தில் இருப்பது; கடையில் ஆள் நிற்கும்போது அவசரம் வந்தால் அடக்கிப் பிடிப்பது அது. பௌத்திரத்தின் பாதை இந்தத் தசைகளில் எவ்வளவைத் தாண்டிப் போகிறது என்பதை வைத்து, லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸ் 1976-இல் நான்கு வகையாகப் பிரித்தார். இன்றும் உலகம் முழுக்க அந்த வகைப்பாடுதான். இரண்டு தசைகளுக்கும் நடுவிலேயே இறங்கி வருவது முதல் வகை. வெளித்தசையையும் துளைத்துக்கொண்டு வருவது இரண்டாவது. மற்ற இரண்டும் இன்னும் உயரத்தில் சுற்றி வருபவை, அபூர்வம்.

உங்கள் அறிக்கைக்கு வருவோம். உள்வாய் ஆறு மணியில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். மல்லாந்து படுத்துக் கால்களைத் தூக்கி வைத்த நிலையில் ஆசனவாயை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொண்டால், பன்னிரண்டு முன்பக்கம், ஆறு வால் எலும்புப் பக்கம். சுரப்பியில் தொடங்கும் பௌத்திரங்களுக்குப் பெரும்பாலும் உள்வாய் அங்கேதான் இருக்கும். உங்கள் பாதை வெளித்தசையின் பாதிக்கும் மேலான உயரத்தில் துளைத்துப் போகிறது, அதாவது இரண்டாவது வகை, அதில் உயரமானது. இதைவிட முக்கியமாக, இடது பக்கம் ஒரு கிளை பிரிந்து, அதன் முனையில் சீழ் தேங்கியிருக்கிறது. போன வருஷ அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்ததாக நீங்கள் சொல்லவில்லை. அந்தக் கிளை அப்போதே இருந்து கண்ணில் படாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒருமுறை திரும்பி வந்த பௌத்திரத்துக்கு, எம்.ஆர்.ஐ. பார்க்காமல் மறுபடியும் கத்தி வைக்க யாருக்கும் சம்மதிக்காதீர்கள்.

இனி சிகிச்சைகள்.

பாதையின் மேல்கூரையை முழு நீளத்துக்கும் வெட்டித் திறந்துவிடுவது பழைய முறை. அடியிலிருந்து சதை வளர்ந்து தானாக ஆறிவிடும். தாழ்ந்த, கிளை இல்லாத பௌத்திரத்துக்கு இதற்கு ஈடு இன்றைக்கும் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமாகிறார்கள். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உங்களுடையது தாழ்ந்த வகை என்று டாக்டர் சொல்லியிருந்தால், பயப்படாமல் இதைச் செய்துகொள்ளுங்கள். லேசர் என்ற பேருக்காகக் கூடுதல் பணம் கொடுத்து, குறைவாகக் குணமாகிற ஒன்றை வாங்க வேண்டாம். ஆனால் பாதைக்கு மேலே இருக்கும் தசையும் சேர்ந்து வெட்டுப்படும். வெளித்தசையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் பெரும்பாலும் தாங்கும். உங்களுக்குப் பாதிக்கும் மேல். இதில் திறந்துவிட்டால் நீங்கள் பயப்படுகிறது நடக்கலாம், அதனால் இது உங்களுக்கு இல்லை. பெண்களுக்கு முன்பக்கப் பௌத்திரம் என்றால் தாழ்ந்ததாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். அங்கே தசை இயல்பிலேயே குட்டை, பிரசவத்தில் ஏற்கெனவே கிழிந்திருக்கவும் கூடும்.

நூல் போடுவது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு வரப்போவது அது. மயக்க மருந்து கொடுத்த பிறகு, முனை மழுங்கிய மெல்லிய உலோகக் கம்பியை வெளித்துளை வழியாக விட்டு, வற்புறுத்தாமல், அது போகிற வழியில் போகவிட்டு உள்வாயைக் கண்டுபிடிப்பார்கள். அந்தக் கம்பியின் வழியே ஒரு நூலை இழுத்து, ஆசனவாய் வழியாக வெளியே கொண்டுவந்து, வளையமாக முடிச்சுப் போடுவார்கள். சிலிக்கான் ரப்பர் இழையோ தடித்த நைலான் நூலோ போடுவது வழக்கம். இறுக்க மாட்டார்கள், வளையம் தளர்வாகத் தொங்கும். கூடவே அந்த இடது பக்கக் கிளையின் சீழையும் திறந்து வடித்துச் சுரண்டிவிடுவார்கள். நூல் உள்ளே இருக்கும் வரை பாதை மூடிக்கொள்ளாது. அதனால் சீழ் தேங்காது, கட்டி வராது, வலி வராது. இரண்டு மூன்று மாதத்தில் கிளைகள் சுருங்கி, பாதை ஒற்றைக் குழாயாகக் கெட்டிப்படும். அடுத்த அறுவை ஜெயிக்க இந்த நிலை வேண்டும்.

முதல் ஒரு வாரம் ஏதோ உறுத்துகிற மாதிரி இருக்கும். அப்புறம் நூல் இருப்பதே மறந்துபோகும் என்பார்கள் பலர். கடையில் உட்காரலாம், பஸ்ஸில் யாங்கூன் வரலாம். கொஞ்சம் கசியும், அது கசியத்தான் போட்டது. குளிக்கும்போது நூலை மெல்லச் சுழற்றிக் கழுவலாம். பயந்துபோய் நீங்களே வெட்டி எடுத்துவிடாதீர்கள். வாரா வாரம் இறுக்கிக்கொண்டே வந்து தசையை வெட்ட வைக்கும் இன்னொரு நூல் முறையும் உண்டு. உயரமான பௌத்திரத்துக்கு அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மெல்ல வெட்டினாலும் வெட்டு வெட்டுத்தான். போடப்போவது தளர்வான நூலா இறுக்கும் நூலா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

காரநூலைப் பற்றி உங்கள் பெரியவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. இலைக்கள்ளிப் பால், நாயுருவியைச் சுட்டெடுத்த காரம், மஞ்சள் ஆகியவற்றை நூலில் 21 பூச்சாகப் பூசிக் காயவைத்துச் செய்கிறார்கள். சுசுருதர் காலத்து முறை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதைச் சாதாரண அறுவையோடு ஒப்பிட்டு 1991-இல் முடிவுகளை வெளியிட்டது: ஆற எட்டு வாரம், அறுவையில் நாலு வாரம்; ஆனால் திரும்ப வந்தது காரநூலில் நூற்றுக்கு 4 பேருக்கு, அறுவையில் 11 பேருக்கு. மரியாதைக்குரிய கணக்கு இது. எனக்கு இருக்கும் தடை வேறு. காரநூலும் வாரா வாரம் மாற்றப்பட்டு, பாதைக்கு மேலிருக்கும் சதையைத் தசையோடு சேர்த்து மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டு வெளியே வருவது. தாழ்ந்த பாதைக்குச் சரி. உங்கள் உயரத்துக்கு, கிளையும் சீழ்த்தேக்கமும் இருக்கும்போது, சரியில்லை. அப்படியே செய்துகொள்வதானாலும் இரண்டு மூன்று மாதம் வாரந்தோறும் நூல் மாற்ற அங்கேயே தங்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆயுர்வேத, சித்த மருத்துவர்கள் செய்வதைப் பற்றித்தான் இவ்வளவும் சொல்கிறேன். ஒரே ஊசியில் மூலம் பௌத்திரம் குணம் என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் பக்கம் போகவே போகாதீர்கள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு செய்ய வேண்டியது என்று நான் நினைப்பது லிஃப்ட் எனப்படும் அறுவை. பாங்காக்கில் சூலலங்கோர்ன் பல்கலைக்கழகத்தின் அருண் ரோஜனசகுல் 2007-இல் உலகுக்குச் சொன்னது. நம் பக்கத்து ஊரில் பிறந்த முறை. இரண்டு தசைகளுக்கும் நடுவே தோலில் ஒரு சின்னப் பிறை வடிவக் கீறல். அந்த இடைவெளி வழியாக உள்ளே போனால், நூல் ஓடிக்கொண்டிருக்கும் பாதை ஒரு கயிறு மாதிரி விரலில் தட்டுப்படும். அதைச் சுற்றிலும் விடுவித்து, உள்வாய்ப் பக்கம் ஒரு கட்டு, வெளிப்பக்கம் ஒரு கட்டு போட்டு, நடுவில் துண்டித்துவிடுவார்கள். வெளிப்பக்கத்து மிச்சத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். எந்தத் தசையும் வெட்டுப்படுவதில்லை. அவர் முதலில் வெளியிட்ட 18 பேரில் 17 பேருக்குக் குணமானது. பிற்பாடு பல நாடுகளில், பல கைகளில் செய்தபோது அது நூற்றுக்கு அறுபது, எழுபது என்று இறங்கியது. ஆக, மூன்றில் ஒருவருக்குத் தோற்கலாம். இதை மறைத்து உங்களிடம் பேசுவது சரியல்ல. ஆனால் தோற்றாலும் பல நேரங்களில் மிஞ்சுவது தசைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு தாழ்ந்த பாதை. அதைத் திறந்துவிட்டுக் குணப்படுத்தலாம். தோல்வியிலும் நிலைமை மோசமாகாத சிகிச்சை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

உள்ளேயிருந்து குடல் சவ்வை ஒரு மடிப்பாக எடுத்து இறக்கி, உள்வாயை மூடித் தைப்பது இன்னொரு வழி. தேர்ந்த கையில் குணமாகும் அளவு லிஃப்டுக்குச் சமம். மடிப்போடு உள்தசையில் கொஞ்சம் சேர்த்து எடுப்பதால், சிலருக்குக் காற்று அடக்குவதில் தளர்ச்சி வரும். சுருட்டு, சிகரெட் பிடிப்பவர்களுக்கு மடிப்பு ஒட்டாமல் போகும் வாய்ப்பும் கூடுதல்.

லேசருக்கு வருகிறேன். பாதைக்குள் மெல்லிய இழையை விட்டு, பின்னுக்கு இழுத்துக்கொண்டே உள்சுவரைச் சுட்டுச் சுருக்குவது. தசைக்குப் பெரிய சேதமில்லை, வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். இந்த மூன்றும் சரிதான். குணமாவது நூற்றுக்கு அறுபதை ஒட்டித்தான். இழை போகும் பாதையைத்தான் அது சுடும். பக்கத்துக் கிளையையும் சீழ்த்தேக்கத்தையும் அது தொடாது. உங்களுக்கு இப்போது செய்தால் உள்ளே சீழை வைத்து மூடின மாதிரி ஆகும். நூல் போட்டுப் பாதை ஒற்றையாக ஆன பிறகு வேண்டுமானால் யோசிக்கலாம், அப்போதும் எனக்கு லிஃப்ட்தான் மேல். பாதைக்குள் அடைப்பான் செருகுவது என்று ஒன்றும் பேசப்படுகிறது. அது சாதாரண முறைகளைவிட ஒரு படியும் மேலில்லை என்று பிரிட்டனில் 304 பேரை வைத்துச் செய்த ஃபியாட் ஆய்வு காட்டிவிட்டது: ஒரு வருஷம் கழித்து அடைப்பானில் நூற்றுக்கு 54 பேர், மற்ற முறைகளில் 55 பேர் குணம். விலை மட்டும் கூடுதல். விட்டுவிடுங்கள்.

சென்னை, பாங்காக் விஷயம். இது ஒரு நாள் வேலை இல்லை. நூல், மூன்று மாதக் காத்திருப்பு, இரண்டாவது அறுவை, அப்புறம் ஆறுகிற வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்வை. அறுவை செய்தவரே புண்ணைப் பார்ப்பது பெரிய விஷயம். பெகுவிலிருந்து யாங்கூன் இரண்டு மணி நேரம்தானே. லிஃப்ட் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்குத் திரும்ப வந்தது என்று அந்த டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார். அனுபவம் குறைவு என்றால் அவரே வேறு ஒருவரிடம் அனுப்புவார். அதன் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், நூலை மட்டும் இங்கே போட்டுக்கொண்டு, இரண்டாவது அறுவைக்கு வெளியூர் போவதைப் பற்றி நிதானமாக முடிவெடுங்கள். நூல் அவசரத்தைக் குறைத்துவிடும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன சர்க்கரை எனக்குப் பெரிய கவலை. கட்டுக்கு அடங்காத சர்க்கரையில் எந்த அறுவையும் ஆறாது, சீழ் வேகமாகப் பரவும். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை இந்த வாரமே செய்யுங்கள். எட்டுக்குக் கீழே வந்த பிறகு இரண்டாவது அறுவை என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல் இருக்கும் மூன்று மாதம் அதற்குத் தோதான அவகாசம். கடையில் இருக்கும்போது மணிக்கொரு தரம் பால் டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் அதில்தான் முதலில் கை வைக்க வேண்டும்.

இன்னொன்று, டி.பி. நம் மியான்மரில் காசநோய் அதிகம், அந்நோய் மிகுந்த நாடுகள் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் நாம் இருக்கிறோம். திரும்பத் திரும்ப வரும் பௌத்திரம் சில நேரம் காசநோயாக இருக்கும். அப்போது எத்தனை அறுத்தாலும் ஆறாது; ஆறு மாத மாத்திரையோடு சேர்த்துத்தான் ஆறும். நூல் போடும்போது சுரண்டி எடுக்கும் சதையைக் குப்பையில் போடாமல் பயாப்ஸிக்கும், காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று காட்டும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். போன வருஷம் அனுப்பினார்களா என்று கேட்டு, அறிக்கை இருந்தால் வாங்கி வையுங்கள். நாள்பட்ட வயிற்றுப்போக்கு, எடை குறைவது, வாய்ப்புண் இவற்றில் ஏதாவது உண்டென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். க்ரோன் என்ற குடல் நோயிலும் பௌத்திரம் வரும், அதற்கு வைத்தியமே வேறு.

அறுவைக்குப் பிறகு வீட்டில் செய்ய வேண்டியது எளிது. அகலமான பிளாஸ்டிக் பேசினில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், பத்து நிமிஷம் உட்காருவது, காலை மலம் கழித்த பிறகும் ராத்திரி படுக்கும் முன்பும். டெட்டால், மஞ்சள், கற்றாழை எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீர் போதும். ஒற்றித் துடைத்து, சுத்தமான காஸ் துணி வைத்துக்கொள்ளுங்கள். மலம் இறுகாமல் இருக்க இசப்கோல், கீரை, நிறையத் தண்ணீர். புண் அடியிலிருந்து ஆற வேண்டும். மேல்தோல் சீக்கிரம் மூடினால் சந்தோஷப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கைலிக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டு மூன்று வருஷம் கடை நடத்தியிருக்கிறீர்கள், எனக்குப் படிக்கவே கஷ்டமாக இருந்தது. இது அசுத்தத்தால் வந்ததில்லை, தப்பான நடத்தையால் வந்ததும் இல்லை. ஒரு சுரப்பி அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். உங்கள் மனைவியிடம் இந்த வாரம் சொல்லுங்கள். வெந்நீர் வைப்பதும், புண் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதும் தனியாளாக முடிகிற காரியம் இல்லை. அவருக்கு இதற்குள் பாதி தெரிந்தும் இருக்கும்.

நூல் போடும் நாள் வருவதற்குள் குளிர்காய்ச்சல் வந்தாலோ, அந்த இடம் மறுபடியும் வீங்கித் துடித்தாலோ, தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை உள்ளவருக்கு அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம், ராத்திரியானாலும் சரி. எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு படங்கள் அடங்கிய சி.டி.யையும் கையோடு கொண்டுபோங்கள். அறுக்கிறவர் படத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். நூலோடு மூன்று மாதம் ஆன பிறகு இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். அந்த அறிக்கையை எனக்கு அனுப்புங்கள், லிஃப்டா மடிப்பா என்பதை அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.